தொப்புள்கொடி இரத்தத்தில் பிள்ளையின் அலர்ஜி தெரியுமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். ஏழு மாதக் கர்ப்பிணி. மூத்த பையனுக்கு நாலு வயது. அவனுக்கு மூன்றாம் மாதத்திலிருந்தே கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான், இரண்டு வயதிலிருந்து இழுப்பு. கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை. அவருக்கும் இரவில் இருமல், நெஞ்சு இறுக்கம். "பிள்ளை பிறந்த உடனே தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ஐஜிஇ பார்த்தால் இவனுக்கும் அலர்ஜி வருமா என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். பார்க்கவா? வரும் என்றால் நான் என்னென்ன சாப்பிடாமல் இருக்கவேண்டும்? மாமியார் வீட்டில் மாடு நிற்கிறது, அதையும் விற்கச் சொல்கிறார்கள்." இதுதான் கேள்வி.

தங்கச்சி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பரிசோதனை வேண்டாம். சாப்பாட்டைக் குறைக்கவும் வேண்டாம். மாட்டையும் விற்கவேண்டாம். ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டால், நாளைக்கு இன்னொருவர் வந்து "எதற்கும் ஒருதடவை பார்த்துவிடு" என்பார், மனம் மறுபடி அலையும். ஏன் வேண்டாம் என்று புரிந்துவிட்டால், மிச்சமிருக்கும் இரண்டு மாதத்தில் என்ன செய்யலாம் என்பதும் கூடவே புரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவன். இருபத்தாறு வருடமாக ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கிற வேலை. பிள்ளையின் இரத்த வகை பார்க்க, மஞ்சள் காமாலைப் பயத்தில் பிலிருபின் பார்க்க என்று தொப்புள்கொடி இரத்தம் எத்தனையோ தடவை என் கைக்கு வந்திருக்கிறது. அலர்ஜியோடு தொடர்புள்ள ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கக் கேட்டு வந்தவை மிகச் சில.

அந்த இரத்தத்தை எப்படி எடுக்கிறார்கள் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். பிள்ளை பிறந்ததும் கொடியைக் கவ்வி வெட்டுவார்கள். நஞ்சுக்கொடிப் பக்கம் மிஞ்சுகிற துண்டில் ஒரு தடித்த நாளமும் இரண்டு மெல்லிய நாடிகளும் இருக்கும். அந்த நாளத்தில் ஊசியைச் செருகி நாலைந்து மில்லிலீட்டர் இழுப்பார்கள். பிள்ளைக்கு வலி கிடையாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிரசவ அறையின் அவசரத்தில் ஊசி போடாமல் கொடியைப் பிதுக்கிக் குழாய்க்குள் விட்டால், வெளியே ஒட்டியிருக்கிற தாயின் இரத்தமும் சேர்ந்து விழும். பெரிய ஆளின் இரத்தத்தில் ஐஜிஇ மில்லிலீட்டருக்கு 100 அலகு வரை இருப்பது சாதாரணம். பிறந்த பிள்ளையிடம் பெரும்பாலும் அரை அலகுகூட இருக்காது. தாய்க்கு 500 அலகு இருந்து, அதில் நூற்றில் ஒரு பங்கு கலந்துவிட்டால் போதும், பிள்ளையின் கணக்கில் 5 அலகு ஏறிவிடும். "பிள்ளைக்குக் கூட இருக்கிறது" என்று ரிப்போர்ட் வரும். கூட இருந்தது அம்மாவுக்கு. இதனால்தான் ஒழுங்காகச் செய்த ஆய்வுகளில் ஐஜிஏ என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். அது பிறந்த பிள்ளையிடம் மிக மிகக் குறைவு. கூடுதலாக இருந்தால் தாயின் இரத்தம் கலந்துவிட்டது என்று அர்த்தம், அந்த மாதிரியை ஒதுக்கிவிடவேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஐஜிஇ மட்டும் பார்த்துத் தருகிற இடத்தில் அந்த இரண்டாவது சோதனையும் நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

(கொடி இரத்தத்தைச் சேமித்து வைக்கிற ஸ்டெம் செல் வங்கி வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பலர் குழம்புகிறார்கள்.)

சரி, ஐஜிஇ என்றால் என்ன? அலர்ஜிக்காரரின் இரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது 1921லேயே தெரியும். மீன் ஒத்துக்கொள்ளாத கூஸ்ட்னர் என்ற ஜெர்மன் டாக்டரின் இரத்தநீரை, பிரவுஸ்னிட்ஸ் என்ற இன்னொருவர் தன் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். அடுத்த நாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் அங்கே தடித்துச் சிவந்தது. அது என்ன பொருள் என்று கண்டுபிடிக்க இன்னும் நாற்பத்தைந்து வருடம் ஆனது. அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகாவும் அவர் மனைவி தெருகோவும், சுவீடனில் யோஹான்சனும் பென்னிச்சும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1968ல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஐஜிஇ என்று பெயர் வைத்தது.

தாயின் இரத்தத்தில் இருக்கிற ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போகும். முதல் சில மாதம் பிள்ளையைக் காப்பது அதுதான். ஐஜிஇ அப்படிக் கடக்காது. ஆக, சுத்தமாக எடுத்த கொடி இரத்தத்தில் ஐஜிஇ இருந்தால், அது வயிற்றுக்குள் இருக்கும்போதே பிள்ளை தானாகச் செய்தது. பிறக்கும்போதே கூடுதலாகச் செய்கிற பிள்ளைக்குப் பிறகு அலர்ஜி வரும் என்று நினைத்தது நியாயம்தானே? 1970களிலிருந்து பல நாடுகளில் பிறந்த நாளிலேயே அளந்துவைத்து, அந்தப் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள்.

கிடைத்த விடை இதுதான். பிறக்கும்போது அளவு கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்கு, குழுவாகப் பார்த்தால், பின்னால் அலர்ஜி கொஞ்சம் அதிகம் வந்தது. ஆனால் பின்னால் அலர்ஜி வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பிறக்கும்போது அளவு சாதாரணமாகத்தான் இருந்தது. ரிப்போர்ட் நல்லது என்று வந்தால் நிம்மதியாக இருக்க முடியாது. கூட என்று வந்தாலும் அலர்ஜி வந்தே தீரும் என்றில்லை. ஜூன் மாதம் தலவாக்கலையில் மழை பெய்யும் என்று யாரும் சொல்லிவிடலாம். வருகிற செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, நீங்கள் துணி காயப்போடுகிற நேரத்துக்குப் பெய்யுமா என்று கேட்டால் அந்த அறிவு உதவாது. கொடி இரத்தம் சொல்வது ஜூன் மாதத்தை. நீங்கள் கேட்பது செவ்வாய்க்கிழமையை.

என் சித்தி மகளுக்கு நானே பார்த்தேன். சுத்தமாக எடுத்த மாதிரி, ஐஜிஏவும் பார்த்தாயிற்று, ஐஜிஇ அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஐந்தாம் மாதம் பிள்ளையின் முகமெல்லாம் கரப்பான். அந்தத் தாளை நம்பி, "இது அலர்ஜி இல்லை, வெறும் சூட்டுப் பரு" என்று இரண்டு மாதம் மருந்து பூசாமல் விட்டிருந்தார்கள். அந்த இரண்டு மாதத்துக்கு நானும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் மனம் உறுத்துகிறது.

ஐஜிஇயோடு நிற்காமல், அதற்கு மேலேயும் தேடினார்கள். இங்கேதான் உங்களுக்குப் பயன்படுகிற விஷயம் இருக்கிறது. 1994ல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், பிறந்த பிள்ளையின் வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரோன் காமா என்ற சேதிப்பொருளைக் குறைவாகச் சுரந்தால் பின்னால் அலர்ஜி கூடுவதைக் கண்டார்கள். 1999ல் பெர்த்தில் இன்னொரு ஆய்வு. பிறக்கும்போது எல்லாப் பிள்ளைகளின் எதிர்ப்புச் சக்தியும் கொஞ்சம் அலர்ஜிப் பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கிறது, சாதாரணப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வருடத்தில் அந்தச் சாய்வு நிமிர்கிறது, அலர்ஜி வருகிற பிள்ளைகளுக்கு நிமிராமல் இன்னும் சாய்கிறது என்று அது காட்டியது. இதை நான் மிக முக்கியமான கண்டுபிடிப்பாக நினைக்கிறேன். பிறந்த நாளில் எல்லாம் முடிந்துவிடவில்லை, அதற்குப் பிறகும் இரண்டு வருடம் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. 2016ல் அதே நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, கொடி இரத்தத்தில் மொனோசைட் என்ற அணுக்கள் அளவுக்கு மீறித் துள்ளுகிற பிள்ளைகளுக்கு ஒரு வயதில் உணவு அலர்ஜி கூடுதலாக இருந்தது. இவையெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்துக்கு உரிய அளவீடுகள். உங்கள் பிள்ளைக்கு வருமா வராதா என்று ஒரு தாளில் எழுதித் தரும் அளவுக்கு இவற்றில் எதுவும் வரவில்லை.

எங்கள் மலைநாட்டில் ஐஜிஇயை நம்புவதற்கு இன்னொரு தடையும் உண்டு. பூச்சி. வட்டப்புழுவும் கொக்கிப்புழுவும் வயிற்றில் இருந்தால் ஐஜிஇ நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரக்கணக்கில் ஏறும். ஐஜிஇ நம் உடம்பில் இருப்பதற்கே முதற்காரணம் புழுக்களோடு சண்டை போடுவதுதான் என்பார்கள். தோட்டப் பிள்ளைகளுக்குப் பூச்சி அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் மூத்தவனுக்கு மொத்த ஐஜிஇ பார்த்து 800 என்று வந்தால், அது அலர்ஜியா பூச்சியா என்று அந்த எண்ணை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

பூச்சி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது தவறாகப் பரவுகிறது. உகண்டாவின் என்டெபேயில், கர்ப்பிணிகளுக்கு அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து கொடுத்தபோது அவர்களின் குழந்தைகளுக்குக் கரப்பான் கூடியது. இது உண்மை. இதைக் கேள்விப்பட்டு "கிளினிக்கில் தருகிற பூச்சிக் குளுசையைக் குடிக்காதே" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சும். நம் பெண்களுக்கு ஏற்கனவே இரத்தம் குறைவு. நம் இலங்கையிலேயே மெபெண்டசோல் என்ற பூச்சி மருந்தைக் குடித்த கர்ப்பிணிகளையும் குடிக்காதவர்களையும் ஒப்பிட்டு 1999ல் வெளிவந்த ஆய்வில், குடித்தவர்களுக்குப் பிள்ளை வயிற்றில் இறப்பதும் பிறந்த வாரத்தில் இறப்பதும் குறைவாக இருந்தது. 100க்கு 3.3 ஆக இருந்தது 1.9 ஆக இறங்கியது. கரப்பானுக்குக் களிம்பு இருக்கிறது. இறந்த பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

இனி உங்கள் குடும்பம். கொடி இரத்தத்தைவிட நல்ல ஜோசியம் குடும்ப வரலாறு. தாய் தகப்பன் இருவருக்கும் அலர்ஜி இல்லாவிட்டால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று, ஒருவருக்கு இருந்தால் மூன்றில் ஒன்று, இருவருக்கும் இருந்தால் பாதிக்கு மேல் என்று தோராயமாகச் சொல்வார்கள். மூத்த பிள்ளைக்கு இருப்பதும் ஒரு அடையாளம். இதற்கு ஊசியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

ஆனால் உங்கள் கணவரின் இருமலை அந்தக் கணக்கில் அவசரப்பட்டுச் சேர்க்கவேண்டாம். தூள் சலிக்கிற இடத்தில் பறக்கிற தேயிலைப் பஞ்சுத் தூசியால் ஆஸ்துமா வரும் என்பதை நம் நாட்டு டாக்டர் சி. ஜி. உரகொட 1970லேயே மருத்துவ சஞ்சிகையில் எழுதியிருக்கிறார். அது வேலையால் வந்தது. பரம்பரையாகப் பிள்ளைக்குப் போவது வேறு. லீவு நாட்களில் அவருக்கு இருமல் குறைகிறதா, திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் கூடுகிறதா என்று இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியோடு நெஞ்சு டாக்டரிடம் காட்டினால் பாதி வேலை முடிந்தது. எப்படியிருந்தாலும், வேலை விட்டு வந்ததும் உடுப்பை வெளியிலேயே கழற்றி, குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கவேண்டும். வேலைக்கு உடுத்துகிற சட்டையைப் பிள்ளையின் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

இப்போது புகை. இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் லயத்தில் குசினிக்குப் புகைக்கூடு இல்லை. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டி முடிந்ததும் அம்மா அந்தக் கிளைகளை, மிலாறை, கட்டித் தலையில் தூக்கி வருவார். ஈரமாகத்தான் இருக்கும். அடுப்பில் வைத்தால் முதல் அரைமணி நேரம் நெருப்பைவிடப் புகைதான் அதிகம். கூரைத் தகரத்தின் உட்பக்கம் கரி தார்போலப் படிந்து, மழை நாளில் கறுப்பாகச் சொட்டும். தம்பிக்கு இரவில் இழுக்க ஆரம்பித்ததும் அம்மா அவனைக் கம்பளியில் சுற்றி இஸ்தோப்புக்கு, அதாவது வாசல் திண்ணைக்கு, தூக்கிக்கொண்டு போவார். வெளியே பனி, குளிர். "உள்ளே கொண்டு வா, குளிரில் கூடும்" என்று பாட்டி சத்தம் போடுவார். ஆனால் இஸ்தோப்பில் இருக்கும்போதுதான் அவனுக்கு மூச்சு லேசாகும். ஏன் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. குளிரைத்தான் குற்றம் சொன்னோம், அடுப்பை ஒருவரும் சொல்லவில்லை.

கர்ப்பிணி சுவாசிக்கிற புகை பிள்ளையின் எடையைக் குறைக்கும், நுரையீரலின் காற்றுக்குழாய்களைச் சிறிதாக்கும். அமெரிக்காவின் டூசான் நகரில் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த பிள்ளைகளைப் பற்றி 1995ல் எழுதினார்கள். மூன்று வயதுக்குள் வீசிங் வந்து ஆறு வயதில் தானாக நின்றுபோன பிள்ளைகள் பலர். அவர்களுக்கு அலர்ஜி இல்லை. அவர்களின் காற்றுக்குழாய் பிறக்கும்போதே சிறிது, பலருடைய தாய்மார் சிகரெட் புகைத்தவர்கள். நம் பெண்கள் சிகரெட் புகைப்பதில்லை, ஆனால் ஒரு நாளில் நாலு மணி நேரம் மிலாற்றுப் புகையில் நிற்கிறார்கள். 2022 நெருக்கடியில் கேஸ் விலை ஏறிய பிறகு அடுப்புக்குத் திரும்பிய வீடுகள் நிறைய. கேஸ் வாங்கு என்று நான் சொல்லமாட்டேன். விறகை ஒரு மாதம் முன்பே சேர்த்து, அடுப்புக்கு மேல் பரணில் காயவைத்து எரியுங்கள். இரண்டு தகரக் குழாய் வைத்துப் புகையைக் கூரைக்கு மேல் விடுகிற செலவு, அந்தக் கொடி இரத்தப் பரிசோதனைக்கு வைத்திருக்கிற காசில் அடங்கலாம். நெருப்பு பற்றி எரியும் வரைக்கும் நீங்கள் குசினியில் நிற்கவேண்டாம், வேறு யாராவது பற்றவைக்கட்டும். பிள்ளை பிறந்த பிறகு அடுப்பு இருக்கிற இடத்தில் தொட்டில் கட்டவேண்டாம். வீட்டுக்குள் யாரும் பீடி, சுருட்டு பிடிக்கவும் கூடாது, மாமனாராக இருந்தாலும் சரி.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கர்ப்பத்திலும் பால் கொடுக்கிற காலத்திலும் தாய் முட்டை, பால், மீன், கடலையைத் தள்ளிவைத்தால் பிள்ளைக்கு அலர்ஜி வராது என்ற எண்ணம் உலகம் முழுக்க இருந்தது. சோதித்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. கர்ப்பத்தில் தாய்க்கு ஏறவேண்டிய எடைதான் குறைந்தது. மீனைப் பற்றி டென்மார்க்கில் நேர்மாறாகவே கண்டார்கள். 736 கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்குக் கடைசி மூன்று மாதம் மீன் எண்ணெய் கொடுத்தார்கள். அவர்களின் பிள்ளைகளில் தொடர் வீசிங் அல்லது ஆஸ்துமா வந்தது 100க்கு 16.9 பேருக்கு. மற்றவர்களின் பிள்ளைகளில் 23.7. இதைப் படித்துவிட்டு டாக்டரைக் கேட்காமல் குளுசை வாங்கவேண்டாம். ஆனால் சூடை மீனையும் நெத்தலியையும் "கரப்பான் பண்டம்" என்று தள்ளிவைக்காதீர்கள். கிளினிக்கில் தருகிற திரிபோஷா சத்துமாவில் சோளம், சோயா, பால்மா இருக்கிறது. உங்களுக்கு அவை ஒத்துக்கொண்டால் பயப்படாமல் சாப்பிடுங்கள்.

பிள்ளைக்கு உணவு தொடங்குகிற நேரத்தில்தான் உலகம் பெரிய தவறு செய்தது. 2000ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், குடும்பத்தில் அலர்ஜி இருந்தால் மூன்று வயது வரை நிலக்கடலை கொடுக்காதே என்றது. 2008ல் அதைத் திரும்பப் பெற்றது. 2015ல் லண்டனில் கிடியன் லாக் குழுவினர் கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளை எடுத்து, பாதிப்பேருக்கு முதல் வருடத்திலிருந்தே நிலக்கடலை கொடுத்தார்கள், மீதிப்பேருக்கு ஐந்து வயது வரை கொடுக்கவில்லை. கொடுக்காதவர்களில் 100க்கு 17 பேருக்குக் கடலை அலர்ஜி. கொடுத்தவர்களில் 3 பேருக்கு. ஜப்பானில் கரப்பான் உள்ள பிள்ளைகளின் தோலை நன்றாகக் குணப்படுத்திக்கொண்டே ஆறாம் மாதத்திலிருந்து வேகவைத்த முட்டைத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தபோது, ஒரு வயதில் முட்டை அலர்ஜி 100க்கு 8. கொடுக்காதவர்களில் 38.

ஆகவே ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு சோறூட்டும்போது, முதல் சில வாரத்துக்குள் நன்றாக அவித்த முட்டை, முள் இல்லாத மீன், பிறகு கஞ்சியில் கலந்த அரைத்த கடலை என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக. முழுக் கடலை ஐந்து வயது வரை கூடாது, தொண்டையில் அடைக்கும். இந்தப் பிள்ளைக்கு நாலாம் மாதத்திலேயே கடும் கரப்பான் வந்தால், முட்டை, கடலை தொடங்குவதற்கு முன் குழந்தை வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள். எதைச் சாப்பிட்டாலும் உதடு, முகம் வீங்கி, மூச்சு இழுத்து, திடீரென்று துவண்டால் யோசிக்க நேரம் இல்லை, 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மீன் பற்றி மலைநாட்டுக்கே உரிய ஒரு எச்சரிக்கை. நீர்கொழும்பிலோ திருகோணமலையிலோ பிடித்த மீன் நமக்கு வந்து சேர்வதற்குள் ஐஸ் உருகிவிட்டால், பலயா, கெலவல்லா மாதிரி மீன்களில் ஹிஸ்டமின் ஊறிவிடும். சமைத்தாலும் போகாது. சாப்பிட்ட அரைமணியில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு அரிக்கும். பார்த்தால் அலர்ஜிதான். ஆனால் அது மீனின் பழுது, உங்கள் உடம்பின் குணம் இல்லை. காசநோய் மருந்து குடிக்கிறவர்களுக்கு இது இன்னும் கடுமையாக வரும் என்று கண்டு எழுதியவர்களில் அதே உரகொடவும் ஒருவர். ஒரே சட்டியில் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வந்தால் அநேகமாக இதுதான். அதற்காகப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க மீன் கூடாது என்று முடிவுகட்டாதீர்கள்.

தோல். கரப்பான் வெடித்த தோல் வழியாக உணவுப் பொருள் உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொள்கிறது, வாய் வழியாகப் போனால் பழகிக்கொள்கிறது என்று இப்போது நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசிய பிள்ளைகளுக்குக் கடலை அலர்ஜி கூடியிருந்தது. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சவர்க்காரம் பாவித்த 2,000க்கும் மேற்பட்டோர் ரொட்டி சாப்பிட முடியாதவர்களானார்கள். நாம் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது பயற்றமாவும் கடலைமாவும் தேய்க்கிறோம். நல்ல தோலுக்குச் சரி. சிவந்து கசிகிற தோலுக்குக் கூடாது. அப்போது வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை இல்லாத களிம்பு, டாக்டர் தருகிற மருந்து. கரப்பான் இல்லாத பிள்ளைக்கு, வராமல் தடுக்கலாம் என்று தினமும் களிம்பு பூசுவதில் பயன் இல்லை. 2020ல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள் அதைக் காட்டிவிட்டன.

கம்பளியையும் பழைய பஞ்சு மெத்தையையும் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் ஆஸ்துமாக்காரரைத் தாவோஸ் மலைக்கு அனுப்புவார்கள், மெத்தைத் தூசியில் இருந்து அலர்ஜியைக் கிளப்புகிற நுண்ணிய தூசிப்பூச்சி அங்கே வாழாது. அதைக் கேட்டு நம் மலைக்காற்றும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். தாவோஸின் காற்று வறண்டது. நம் காற்றில் ஈரம் சொட்டுகிறது, தூசிப்பூச்சிக்கு அது போதும். வெயில் அடிக்கிற நாளை விடாமல் மெத்தையையும் கம்பளியையும் வெளியே போடுங்கள். உறைகளைக் கொதிநீரில் துவையுங்கள். தொட்டிலில் பழைய கம்பளி வேண்டாம்.

கடைசியாக, மாடு. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ், பின்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில், மாட்டுத் தொழுவத்தில் வேலை செய்த கர்ப்பிணிகளின் பிள்ளைகளுக்குக் கொடி இரத்தத்தையே பார்த்தார்கள். முன்னே சொன்ன இன்டர்ஃபெரோன் காமா அவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. ஜெர்மனியில் செய்த இன்னொரு ஆய்வில், எதிர்ப்புச் சக்தியை அடக்கி நடத்துகிற டி அணுக்களும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அதிகம். அமெரிக்காவில் வீட்டோடு ஒட்டித் தொழுவம் வைத்திருக்கிற ஆமிஷ் மக்களின் பிள்ளைகளில் ஆஸ்துமா 100க்கு 5. அவர்களைப் போலவே வாழ்ந்தும், யந்திரப் பண்ணையை வீட்டுக்குத் தூரத்தில் வைத்திருக்கிற ஹட்டரைட் மக்களிடம் 21. தாய் எங்கே நடக்கிறாள், என்ன சுவாசிக்கிறாள் என்பது பிறக்கும் முன்பே பிள்ளையின் இரத்தத்தில் எழுதப்படுகிறது என்று நமக்குச் சொன்னதே இந்தத் தொழுவத்து ஆய்வுகள்தான். உங்களை மாட்டை விற்கச் சொல்கிறவர்கள் இதைப் படிக்கவேண்டும்.

ஒன்றிரண்டு கவனம் மட்டும். பட்டிக்குச் செருப்பில்லாமல் போகாதீர்கள், சேற்றில் எலிக்காய்ச்சல் இருக்கும். கன்று போடும் நாளில் பக்கத்தில் நிற்கவேண்டாம், அந்த நஞ்சுக்கொடியையும் தொடவேண்டாம், கர்ப்பிணிக்கு ஆகாத கிருமிகள் அதில் வரலாம். பாலைப் பச்சையாகக் குடிக்காமல் பொங்கவிட்டுக் குடியுங்கள். புல் போடுவதும் தண்ணீர் காட்டுவதும் தாராளமாகச் செய்யலாம். மூத்தவனையும் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டிக்குள் போனதும் அவனுக்கு இழுக்கிறதா என்று மட்டும் இரண்டு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.